பத்தரை மணிச் சோறும் தொண்டைப் புண்ணும்

அன்புள்ள ரியாஸ்,

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் உன் மாமா வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அந்தத் தெருவில் சிற்பப் பட்டறைகளில் கல் அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே சத்தமாகக் கேட்டாய். "அத்தா, நிக்காஹ் முடிஞ்சி நாங்க மாடி ரூமுக்கு வர்றதா, படூர்ல வூடு பாக்குறதா? பெரியத்தா சொல்றத வுடுங்க. நீங்க இன்னா சொல்றீங்க?" நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினேன். பேச முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு நீயும் விட்டுவிட்டாய். அன்று என்னால் பேச முடிந்தது. குரல் கொஞ்சம் கரகரத்திருக்கும், அவ்வளவுதான். உனக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். அதற்கு முன் என் தொண்டையைப் பற்றி நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் வண்டியைக் கிளப்பும்போது நீ செருமினாய். திருக்கழுக்குன்றம் ரோடு திரும்பும்போது மறுபடி செருமினாய். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் செருமல் அடையாளம் தெரிந்தது. சளி இல்லாத, எதையும் வெளியே கொண்டுவராத, செருமியதும் இன்னொரு முறை செருமத் தூண்டுகிற செருமல். மூன்று வருடமாக என்னுடையது அதுதான்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் நீயும் நானும் தனியாகப் பேச எந்த மூலை இருக்கிறது? கூடத்தில் உன் பெரியத்தா, என் அண்ணன். சமையலறையில் உன் பெரியம்மா. மாடியில் துணி காயப்போட யாராவது இருப்பார்கள். வாசலில் நின்று பேசினால் புதுப்பட்டினம் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். இதை அண்ணன் படித்தாலும் எனக்குக் கவலையில்லை என்று எழுத ஆசைதான். கவலை இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.

தொண்டை வலி வந்த வருடம் கல்லூரியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே கூடத்தில் போட்டார்கள். பின்வரிசைக்குப் பொருளாதாரம் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். மைக் கேட்டேன். "உங்க வாய்ஸுக்கு மைக் எதுக்கு சார்?" என்றார் தாளாளர். அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. காலையில் எழுந்தால் வாயில் ஒரு கசப்பு, தொண்டையில் மத்தி மீன் முள் மாட்டியதுபோல ஓர் உறுத்தல். காய்ச்சல் இல்லை, ஜலதோஷம் இல்லை. மதியத்துக்குள் கொஞ்சம் குறையும். சாயங்காலம் மறுபடி எரியும். என் வலிக்கு ஒரு குற்றவாளி இருந்தே தீர வேண்டும் என்பது என் சுபாவம், உனக்குத் தெரியும். முதலில் தாளாளர். அப்புறம் சுண்ணக்கட்டித் தூள். அப்புறம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலை மூட விடாத அந்த ஆள். அப்புறம் நம் ஹார்ட்வேர் கடையின் பெயின்ட் வாடை, அதாவது அதை நடத்தும் உன் பெரியத்தா. எல்லோரிடமும் மனதுக்குள் வழக்கு நடத்தினேன். ஒருவரும் குற்றவாளி இல்லை என்று பிறகு தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மெடிக்கல் ஷாப்பில் என்னைப் பார்த்ததுமே கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிடுவார். "அதே தான, சார்?" அதே தான். ஆன்டிபயாடிக். சாப்பிடுகிற நாட்களில் வலி குறைந்ததுபோல இருக்கும், பிறகு திரும்பும், மறுபடியும் போவேன். கிருமியால் வராத புண்ணைக் கிருமி மாத்திரை என்ன செய்யும் என்று எம்.ஏ. படித்த எனக்குத் தோன்றவில்லை. உன் மேஜை டிராயரில் அதே அட்டையைப் பார்த்தேன். அதே கடை, அதே நிறம். உன் அம்மா இன்னொரு பக்கம். படுக்கப் போகும் நேரத்தில் மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட பால், சூடாக, ஒரு டம்ளர் நிறைய. "முழுசா குடிங்க, அடியில தான் மருந்து கீது" என்று நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். குடித்ததும் படுத்துவிடுவேன். மறுநாள் காலையில் இன்னும் எரியும். இன்னும் கொஞ்சம் மிளகு கூடும்.

அந்த வருட நோன்பில்தான் மோசமானது. தண்ணீர் குடிக்காததால் தொண்டை காய்கிறது என்று நினைத்தேன். "முடியலன்னா வுட்டுடு, அல்லாஹ் மன்னிப்பான்" என்று உன் பெரியத்தாவே சொன்னார். நான் விடவில்லை. காரணம் நோன்பில் இல்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. விடியுமுன் ஸஹருக்கு எழுந்து வயிறு நிறையச் சோறும் கறியும் தின்று, ஃபஜ்ரு தொழுதுவிட்டு, கல்லூரி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று உடனே படுத்துவிடுவேன். இந்த ஊரில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். நிறைந்த வயிற்றோடு படுத்த அந்தத் தூக்கம்தான் என் தொண்டையைப் புண்ணாக்கியது. பழியை நோன்பின் மேல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு வகுப்பில் குரல் நடுவில் நிற்க ஆரம்பித்தது. வாய் அசையும், சத்தம் வராது. முதல் முறை பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், ம்யூட்ல கீறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அது பழைய நகைச்சுவையாகி, நான் நிறுத்தினாலே "அன்ம்யூட், அன்ம்யூட்" என்று மேஜையைத் தட்டினார்கள். தாளாளர் கூப்பிட்டு, லைப்ரரியில் ஓர் இடம் காலியாகப் போகிறது, பேச வேண்டிய அவசியமே இருக்காது என்றார். எனக்குள் ஒரு நோயின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குளியலறைக் கண்ணாடியில் வாயைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி இருக்கிறதா என்று தேடுவேன். பயம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். நானோ, பயந்ததால்தான் போகாமல் இருந்தேன்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தனியாகப் போனேன். என் வயதுப் பெண்மணி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். நினைத்தது போல வலிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்துத் திரையில் என் தொண்டை தெரிந்தது. "கேன்சர் இல்ல. அதக் கேக்கத்தானே வந்தீங்க?" என்றார். நான் தலையாட்டினேன். குரல் நாண்களுக்குப் பின்பக்கம் சிவந்து தடித்திருந்ததைக் காட்டி, "வயித்துல இருக்கற அமிலம் நீங்க படுத்ததும் மேல ஏறி வருது. நெஞ்செரிச்சல் இல்லாமலே நேரா தொண்டைக்கு வரும், நிறைய பேருக்கு அப்படித்தான். அது மேல நீங்க கத்துறீங்க, செருமுறீங்க. புண்ணு எப்படி ஆறும்? நைட்டு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"பத்தரை."

"படுக்கறது?"

"சாப்ட்டதும்."

"ஏழு மணிக்கெல்லாம் சாப்பாட்ட முடிச்சிடணும். படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி வயித்துல எதுவும் போகக் கூடாது. மிளகுப் பாலும் வேணாம்."

"ஏழு மணிக்கு முடியாது டாக்டர்."

"ஏன், டியூட்டியா?"

"அண்ணன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அண்ணனுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?"

"இல்ல. அவர் வந்து உக்காந்தாத்தான் நாங்க சாப்புடுவோம்."

பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நீ பிறந்ததிலிருந்து இதற்குள்ளேயே இருப்பதால் இது உனக்கு வழக்கமாகத் தெரியாது, காற்று மாதிரி இருக்கும். கடை பத்து மணிக்குச் சாத்தி, உன் பெரியத்தா வந்து கை கால் கழுவி விரிப்பில் உட்காரும்வரை இந்த வீட்டில் யாரும் தட்டு எடுத்ததில்லை. எங்கள் அத்தா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்குப் போனார், நான் படித்தேன். "நான் கல்லாவுல குந்துனேன், நீ காலேஜ்ல குந்துன" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். முப்பது வருடமாகச் சொல்கிறார். அதனால்தான் கல்லூரியிலிருந்து வந்ததும் நானும் கடையில் போய் உட்காருகிறேன். அதனால்தான் காத்திருக்கிறோம். நோன்பு மாதத்தில் மட்டும் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் எல்லோரும் வாயைத் திறக்கிறோம். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை உன் பெரியத்தா முடிவு செய்வதில்லை.

டாக்டர் சொன்னவற்றில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், கட்டிலே சாய வேண்டும். உன் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, எவனாச்சும் மந்திரிச்சி குடுத்தானா?" என்றார். உன் பெரியத்தா குனிந்து பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து அளவெடுத்து அறுத்த இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, செங்கல்லை எடுத்துவிட்டு அவரே மாட்டி, ஆடுகிறதா என்று கட்டிலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "இப்ப படு" என்றார். இதையும் நான் எழுதியாக வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ வெளியே போயிருப்பேன். மிளகுப் பாலை நிறுத்தச் சொன்னபோது உன் அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் தான் உங்க தொண்டைய கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்வதற்குள் குரல் போய்விட்டது. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஆகவே திருட்டுத்தனம் செய்தேன். இரவு இஷா தொழுதுவிட்டு வருகிறேன் என்று கடையிலிருந்து கிளம்புவேன். தொழவும் செய்தேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். தொழுதுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிபன் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இட்லியோ தோசையோ தின்பேன். பத்தரைக்கு வீட்டு விரிப்பில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். "இன்னாடா, கோழி மாரி கொத்திகினு கீற" என்பார் அண்ணன். அப்படியும் ஒரு மாதத்தில் காலைக் கசப்பு போனது. இரண்டாம் மாதம், ஒரு வகுப்பு முழுக்கக் குரல் நிற்காமல் பேசினேன். பின்வரிசைக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் உன் பெரியம்மாவின் தம்பி என்னைப் பார்த்துவிட்டான். ஆட்டோவை நிறுத்தி டீ குடிக்க வந்தவன். வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும், "மச்சான் டெய்லி அங்க குந்திகினு தோச துன்றாரு, வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டான். நீ அன்று இரவும் வேலையில் இருந்தாய். அதனால் அந்த இரவு நடந்தது உனக்குத் தெரியாது.

"பள்ளிவாசலுக்கு போறேன்னுட்டு ஓட்டல்லயா குந்திகினு இருந்த?" என்றார் உன் பெரியத்தா. நான் விளக்க வாயெடுத்தேன். அன்று காலையிலிருந்து நான்கு வகுப்பு, குரல் தேய்ந்திருந்தது. மெதுவாகக் கிசுகிசுத்தேன். கிசுகிசுப்பது குரலுக்குக் கத்துவதைவிடக் கெடுதல் என்று டாக்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"இன்னா குசுகுசுன்ற? வாயத் தொறந்து சொல்லு. யார் ஆக்குறது புடிக்கல? ஒங்க அண்ணி ஆக்குறதா, ஒம் பொண்டாட்டி ஆக்குறதா?"

உன் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்காமலே பக்கத்தில் வைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் விரிப்பில் உட்கார்ந்து, தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, "நான் யாருக்காகடா பத்து மணி வரிக்கும் அந்தக் கடையில நிக்கிறேன்? ஒண்ணா குந்தி துன்றோம். இந்த வூட்ல அது ஒண்ணு தான் மிச்சம் கீது. அதையும் எட்த்துக்கினு போறியா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அதனால் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் நான் பத்தரைக்குச் சாப்பிடுகிறேன். கசப்பு திரும்பியது. இந்த ஜூனில் என்னை லைப்ரரிக்கு மாற்றினார்கள். இனி நான் பாடம் நடத்தப் போவதில்லை. இது உனக்குத் தெரியும். எதனால் என்பது இப்போதுதான் தெரியும்.

உன் தொண்டைக்கு வருகிறேன். உனக்கு இருப்பதும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. மூக்கிலிருந்து பின்பக்கமாக வழிகிற சளியாக இருக்கலாம், டான்சிலாக இருக்கலாம், நாள் முழுக்கக் காதில் ஹெட்செட் மாட்டி ஏசியில் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற வேலையாக இருக்கலாம். அதைக் குழாய் விட்டுப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் வலியோ கரகரப்போ இருந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதே, டாக்டரிடம் போ. விழுங்கும்போது மாட்டினாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, காரணமில்லாமல் இளைத்தாலோ மூன்று வாரம்கூடக் காத்திருக்காதே. டிராயரில் இருக்கும் மாத்திரையைத் தூக்கிப் போடு. செரும வேண்டும் என்று வரும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீரை விழுங்கு. செருமல் புண்ணைச் சொறிவது மாதிரி, சொறிந்தால் அரிக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும், செய். ஆனால் அது காரணத்தைத் தொடாது. வேலை முடிந்து திருப்போரூரில் நிறுத்திச் சாப்பிடுகிற சிக்கன் ரைஸையும், அதற்கு மேல் இங்கே வந்து பெரியத்தாவுக்காக மறுபடி உட்காருவதையும் நான் பார்க்கிறேன். என்னைப் போலவே நீயும் இரண்டு தடவை தின்கிறாய். சாப்பிட்டதும் படுக்கிறாய். சாயந்தரமே சாப்பிட்டு முடி. எண்ணெயும் காரமும் டீயும் இரவில் குறை. இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி உட்கார். இதெல்லாம் ஒரு வாரத்தில் பலன் தராது, மாதங்கள் ஆகும். நடுவில் விடக் கூடாது. நடுவில் விட்டவன் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: படூரில் வீடு பார். மருமகளாக வரப்போகிற ஆயிஷா அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள், அவள் குரலும் அவள் பிழைப்பு. மாடி அறை நல்ல அறைதான். உன் பெரியத்தா அதற்குப் புது பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார், பாத்ரூமுக்குப் புதுக் குழாய் போட்டிருக்கிறார், அந்தப் பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னிடம் விசாரித்தார். அதையெல்லாம் பார்த்தால் உனக்கு மனசு வராது. எனக்கும் அப்படித்தான் ஒவ்வொரு முறையும் மனசு வராமல் போனது. முதல் இரவே அந்தப் பெண் பசியோடு பத்தரை வரை உட்கார்ந்திருப்பாள், பத்து வருடம் கழித்தும் உட்கார்ந்திருப்பாள், யாரும் அவளை அதட்டியிருக்க மாட்டார்கள். பெரியத்தா கேட்டால் அத்தாதான் போகச் சொன்னார் என்று சொல். அவர் என்னிடம் வருவார். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் கலங்கினால் அவர் பக்கமே பேசிவிடவும் கூடும். அதற்குள் நீங்கள் சாவியை வாங்கியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு பேரும் வாருங்கள். உன் அம்மா பிரியாணி போடுவாள், எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். சாயங்காலம் அஸர் தொழுததும் கிளம்பிவிடுங்கள். "இருந்து நைட்டு சாப்ட்டு போலாமே" என்று உன் பெரியத்தா வாசல்வரை வந்து சொல்வார். நானும் அவரோடு சேர்ந்து சொல்வேன். கேட்காதே.

உன் அத்தா